தூக்குதது ஜாக்கி, தாங்குதது கட்டை

பி.காம் படிக்கிறவன் பற்று வரவு பற்றி எழுதாமல் ஜாக்கி பற்றி எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். (ஜாக்கி என்றதும் ஜாக்கி சானோ, பனியன் கம்பெனியோ நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. நான் சொல்வது கார் டிக்கியில் கிடக்கும் ஜாக்கி.) காரணம் இருக்கிறது. இந்தப் பொங்கல் லீவில் அந்தச் சின்ன இரும்புச் சாமான் எங்கள் வீட்டில் ஒரு உயிரைக் கேட்டது, கொடுக்காமல் தப்பித்தோம். அதன் பிறகு இரண்டு வாரம் நூலகத்திலும் இணையத்திலும் ஜாக்கியின் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். தேர்வுக்குக் கூட இப்படிப் படித்ததில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது என்னைவிட ஒரு வயது மூத்த மாருதி 800. முன்பக்க இடது சக்கரத்தில் கிரீச் என்று ஒரு சத்தம். பிரேக் பேட் தேய்ந்திருக்கும், நாமே கழற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன். இரண்டு வீடியோ பார்த்த தைரியம். எங்கள் முற்றம் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கும். ஹேண்ட் பிரேக்கோ பேருக்குத்தான். அதனால் என்ன, முதல் கியரில் போட்டிருக்கிறேனே என்று நினைத்தேன். வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கியைக் கீழே வைத்துச் சுற்றி, சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகுதான் நட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். துருப்பிடித்த நட்டு. காலால் மிதித்து மிதித்துத்தான் ஸ்பேனரைத் திருப்ப முடிந்தது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி ஆடியது. ஒருவழியாகச் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அப்போது தம்பியின் பந்து வண்டிக்கு அடியில் உருண்டது. பத்து வயதுப் பையன், குப்புறப் படுத்து, தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டு எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அவன் வாசலைத் தாண்டவில்லை, வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. பிரேக் டிஸ்க் சிமெண்டுத் தரையில் இறங்கிய சத்தத்தில் அடுப்படியில் இருந்த அம்மா ஓடி வந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தரையில் ஒரு பள்ளம், கோணிப்போன ஒரு ஜாக்கி, அவ்வளவுதான். எனக்குக் கை நடுக்கம் நிற்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

தெருமுனைப் பட்டறை அண்ணாச்சியைக் கூட்டி வந்தோம். அவர் சக்கரத்தையும் பார்க்கவில்லை, ஜாக்கியையும் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"முட்டு எங்கல?"

"எந்த முட்டு அண்ணாச்சி?"

"எந்த முட்டா! ஏல, தூக்குதது ஜாக்கி, தாங்குதது கட்டை. இது கூடத் தெரியாம எதுக்குல வண்டியத் தொட்ட?"

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரை முழுவதும். தூக்குவது ஒரு வேலை, தாங்குவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்று என்று நினைத்தவர்களும், வேறு வேறு என்று தெரிந்தவர்களும் சேர்ந்ததுதான் ஜாக்கியின் சரித்திரம்.

தெரிந்தவர்களைத் தேடி நான் தொலைதூரம் போக வேண்டியிருக்கவில்லை. என் பாட்டி வீடு திருநெல்வேலி டவுனில். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து போகிறேன். சுவாமி தேரின் எடை சுமார் 450 டன் என்று சொல்வார்கள். எஞ்சின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. நான்கு ரத வீதியையும் மனிதக் கைகளே இழுத்துச் சுற்றி வர வேண்டும். எல்லோர் கண்ணும் வடத்தின் மேலும் கோபுரம் மாதிரி ஆடி வரும் தேரின் மேலும்தான் இருக்கும். 2024 ஜூனில் வடம் அறுந்தபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது.

ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடந்து வரும் ஆட்களை யாரும் கவனிப்பதில்லை. கையில் ஆப்பு வடிவத்தில் ஒரு மரக்கட்டை. முட்டுக்கட்டை, சறுக்குக் கட்டை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தேர் வேகம் எடுத்தால் உருளும் சக்கரத்துக்கு முன்னால் அதைச் செருகுவார்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால், எந்தச் சக்கரத்துக்கு எந்த ஓரத்தில் கொடுத்தால் தேர் திரும்பும் என்று பார்த்துக் கொடுப்பார்கள். தேருக்கு ஸ்டியரிங்கும் அதுதான், பிரேக்கும் அதுதான். நின்ற தேரைக் கிளப்புவதற்கு வேறு ஆட்கள். பின்னாலிருந்து பெரிய தடிகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நெம்புவார்கள். சன்னை போடுவது என்று இதற்குப் பெயர். யோசித்துப் பாருங்கள். கிளப்ப ஒரு கூட்டம், நிறுத்த இன்னொரு கூட்டம். ஒருவர் வேலையை இன்னொருவர் சாமானை வைத்துச் செய்வதில்லை. நம் பத்திரிகைகள் "எதிர்க்கட்சிகள் முட்டுக்கட்டை" என்று எழுதி எழுதி அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன. தேரடியில் நின்று பார்த்தால் அது உயிர் காக்கிற கட்டை.

திருவாரூர் ஆழித்தேர் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய தேர் 1926-ல் தீயில் எரிந்தது. புதிதாகச் செய்த தேர் 1930-ல் ஓடியது. 1948-க்குப் பிறகு நின்றுபோய், 1970-ல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. இன்றைக்கும் தேரோடு நடக்கிறார்கள்.

தேரை விடுங்கள், மாட்டு வண்டிக்கும் இதே கதைதான். எங்கள் தாத்தா வைத்திருந்த வண்டிக்கு மை போடுவதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்வது வண்டி மை. அதைப் பூச வேண்டுமானால் கடையாணியைப் பிடுங்கி, பைதாவைக் கழற்ற வேண்டும். இரண்டு பேர் ஒரு நீளக் கம்பை அச்சுக்கு அடியில் விட்டு நெம்புவார்கள். மூன்றாவது ஆள் ஒரு மரத்துண்டை அச்சுக்குக் கீழே நட்டமாக நிறுத்துவான். கம்பை எடுத்த பிறகு வண்டி நிற்பது அந்தத் துண்டின் மேல். அது சரியாக நிற்கிறதா என்று உலுக்கிப் பார்க்காமல் பைதாவில் கை வைத்தால் தாத்தாவின் அப்பாவிடம் அடி விழுமாம். எனக்கு அடி விழாததுதான் பிரச்சினை போலிருக்கிறது.

பிறகு மோட்டார் வந்தது. இங்கே எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம். நாங்குநேரி பக்கத்துத் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ் என்ற மூன்றெழுத்து அவருடையதுதான். 1911-ல் நிறுவனம், 1912-ல் மதுரையில் பஸ் சர்வீஸ். அந்தக் காலச் சாலையில் மோட்டார் டயருக்கு முதல் எதிரி ஆணி. மாட்டு லாடத்திலிருந்து, வண்டிப் பட்டாவிலிருந்து என்று உதிர்ந்து கிடக்கும். பஞ்சர் ஆனால் நடுரோட்டில் இறங்கி ஜாக்கி வைக்க வேண்டியதுதான். அய்யங்கார் என்ன செய்தார் என்றால், வண்டியில் காந்தத்தைக் கட்டி ரோட்டில் ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்க வைத்தார். ஜாக்கியைப் பத்திரமாகப் பயன்படுத்த இதைவிடச் சிறந்த வழி இருக்க முடியாது. அதற்கு வேலையே வைக்காமல் இருப்பது! அவருடைய வியாபாரத்தைப் பற்றி எங்கள் பாடப்புத்தகங்கள் இரண்டு பத்தி எழுதினால், இந்தக் காந்தத்துக்கு ஒன்றை ஒதுக்கலாம்.

பஞ்சர் என்றதும் ஸ்டெப்னி நினைவுக்கு வரும். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கொஞ்சம் அசந்துபோனேன். இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஒரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அதற்குத் தெருவின் பெயரையே வைத்தார்கள். வேல்ஸ்காரனே அந்தப் பெயரை ஏறக்குறைய மறந்துவிட்டான். நம் ஊர் பஞ்சர் கடையில் மட்டும் அந்தத் தெரு இன்னும் உயிரோடு இருக்கிறது.

வேல்ஸ் வரை வந்துவிட்டோம், அப்படியே வடக்குக் கரைக்குப் போவோம். ஜாக்கி சரித்திரத்தின் மிகப் பெரிய சம்பவம் அங்கேதான் நடந்தது. ஸ்டெப்னிக்கு 55 வருடம் முன்னால்.

மெனாய் ஜலசந்தியின் மேல் ரயிலுக்காகப் பிரிட்டானியா பாலம் கட்டிக்கொண்டிருந்தார் ராபர்ட் ஸ்டீபன்சன். (ரயில் எஞ்சின் ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன்.) வித்தியாசமான பாலம் அது. இரும்புத் தகடுகளால் பெட்டி மாதிரி நீளமான குழாய், ரயில் அதற்குள்ளே புகுந்து போகும். நடுவில் வரும் ஒவ்வொரு குழாயும் 1,500 டன்னுக்கு மேல். நெல்லையப்பர் தேர் மூன்றைச் சேர்த்து வைத்தாலும் அதன் எடைக்கு வராது! கரையில் செய்து, படகுகளில் மிதக்கவிட்டு, தூண்களுக்கு நடுவில் கொண்டுவந்து, சுமார் 100 அடி மேலே தூக்க வேண்டும். தூக்கியது ஹைட்ராலிக் பிரஸ்.

ஹைட்ராலிக் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. சின்ன பிஸ்டனை மெதுவாக அழுத்தினால் பெரிய பிஸ்டன் பெரிய பாரத்தைத் தூக்கும். 1795-ல் ஜோசப் பிரமா இதை வைத்துப் பிரஸ் செய்து காப்புரிமை வாங்கினார். 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் கையில் தூக்கிப் போகிற அளவுக்குச் சிறிதாக்கினார். இன்று லாரி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பாட்டில் ஜாக்கியின் தாத்தா அதுதான்.

திரும்ப மெனாய்க்கு. ஸ்டீபன்சன் ஒரு உத்தரவு போட்டிருந்தார். குழாய் கொஞ்சம் மேலே ஏறினால் அடியில் உடனே கட்டையும் செங்கல்லும் வைத்து அடைக்க வேண்டும். ஏற ஏற அடைத்துக்கொண்டே வர வேண்டும். இடைவெளி விடக் கூடாது. பிரஸ் நன்றாகத்தானே வேலை செய்கிறது, மளமளவென்று மேலே ஏற்றிவிட்டு அப்புறம் கட்டிக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியிருக்கும்.

1849 ஆகஸ்ட் 17. குழாய் பாதியில் தொங்கும்போது ஒரு பிரஸ்ஸின் சிலிண்டர் அடிப்பாகம் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அந்த முனையைத் தூக்க இனி எதுவும் இல்லை. 1,500 டன் இரும்பு கீழே வந்தது. எவ்வளவு தூரம் தெரியுமா? ஒரு அடிக்கும் குறைவு. அடைத்து வைத்திருந்த முட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சேதம் இருந்தது, பணச்செலவு இருந்தது, ஆனால் குழாய் கடலுக்குள் போகவில்லை. சிலிண்டரை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 1850 மார்ச்சில் பாலத்தில் ரயில் ஓடியது.

இந்த மனிதருக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். இரண்டு வருடம் முன்னால், 1847 மே மாதம், செஸ்டர் நகரில் டீ நதியின் மேல் அவரே கட்டிய ரயில் பாலம் உடைந்து ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்டவர் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் கணக்கியலில் ஒரு மரபு உண்டு. வரப்போகும் லாபத்தைக் கணக்கில் சேர்க்காதே, வரக்கூடிய நட்டத்துக்கு இன்றே ஒதுக்கீடு வை. முதல் வருடத்தில் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கிய வரி. அதற்கு அர்த்தம் மெனாயில் வைத்த செங்கல் என்று இப்போதுதான் புரிகிறது.

சரி, என்னைக் கவிழ்த்த ஜாக்கி ஹைட்ராலிக் அல்லவே, திருகு ஜாக்கி அல்லவா? ஆமாம். இது இன்னும் பழைய குடும்பம். 13-ஆம் நூற்றாண்டில் வில்லார் தெ ஒன்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் தன் படப்புத்தகத்தில் பாரம் தூக்கும் திருகு ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார். திருகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கையை எடுத்தாலும் மரையின் உராய்வே அதைப் பிடித்துக்கொள்ளும், தானாக இறங்காது. ஹைட்ராலிக்கில் அந்த நிச்சயம் இல்லை. உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தாலோ, வால்வில் ஒரு தூசி நின்றாலோ எண்ணெய் கசிந்து, சத்தம் இல்லாமல் இறங்கிவிடும். அப்படியானால் திருகு ஜாக்கி பத்திரமா? அதுவும் இல்லை. ஹைட்ராலிக் கீழே இறங்கும், கத்தரி ஜாக்கி பக்கவாட்டில் சாயும். அடிப்பாகம் உள்ளங்கை அளவு, மேலே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவான வண்டி. வண்டி ஒரு சாண் நகர்ந்தால் போதும்.

நகர்ந்தது ஏன்? முதல் கியரில்தானே இருந்தது? இதற்கான பதிலை அண்ணாச்சி தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். மாருதி 800-க்கு எஞ்சின் சுற்றுவது முன் சக்கரங்களை. இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல். ஒரு முன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், அந்தப் பக்கம் சும்மா எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும், தரையில் இருக்கிற சக்கரம் தன் இஷ்டத்துக்கு உருளும். கியர் எதையும் பிடிக்காது. பிடிக்க வேண்டியது பின் சக்கரத்தில் இருக்கும் ஹேண்ட் பிரேக். அதுதான் பேருக்கு இருந்ததே! அதாவது என் வண்டி அன்றைக்கு எதன் பிடியிலும் இல்லை. ஒரு செங்கல்லைப் பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்தால் போதும் என்றார். அரைச் செங்கல், அதைவிட நல்லது ஒரு மர ஆப்பு. தேருக்கு வைக்கிற அதே ஆப்பு.

அதற்குப் பிறகு அவரே முழு வேலையையும் செய்து காட்டினார். வண்டியைத் தள்ளிச் சமமான தரைக்குக் கொண்டு வந்தோம். தூக்கப் போகும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. நட்டை எல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொண்டார். ஜாக்கிக்கு அடியில் ஒரு தடிப்பலகை, ஏனென்றால் தரைக்கல் அமுங்கும், மண் இன்னும் அமுங்கும். ஜாக்கியின் தலை வண்டியின் விளிம்பில் அதற்கென்று கம்பெனிக்காரன் போட்ட இடத்தில்தான் உட்கார வேண்டும். நான் கண்ட இடத்தில் கொடுத்ததால் தகடு மடங்கியிருந்ததையும் காட்டினார். தூக்கியதும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்டாண்டை அடியில் வைத்து, ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரத்தை ஸ்டாண்டின் மேல் விட்டார். பிறகு பக்கவாட்டில் பிடித்து உலுக்கினார். தாத்தாவின் அப்பா மாதிரியே! கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்க்கவில்லை. வண்டிக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளினார்.

"ஸ்டாண்டு இருக்கே, இது எதுக்கு அண்ணாச்சி?"

"அதுவும் போச்சுன்னா?"

ஒரு முட்டுக்கு இன்னொரு முட்டு. அவருக்கு ஸ்டீபன்சன் பெயர் தெரியாது. நான் மெனாய் கதையைச் சொன்னதும், "அவன் வேல தெரிஞ்சவன்" என்று மட்டும் சொன்னார்.

வண்டியோடு கொடுக்கிற கத்தரி ஜாக்கி ரோட்டோரம் டயர் மாற்றிக்கொண்டு கிளம்புவதற்கு மட்டும்தானாம். அதை நம்பி ஒரு விரலைக்கூட வண்டிக்கு அடியில் விடக் கூடாது. கார் வாங்கும்போது தருகிற புத்தகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். எங்கள் வண்டியின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், 20 வருடமாக யாரும் பிரிக்கவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பிரேக் பேட் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. அந்தக் கணிப்பு மட்டும் சரி :-)

இப்போது வீட்டில் இரண்டு ஸ்டாண்டு இருக்கிறது. ஆப்பு இரண்டு, டவுனில் பாட்டி வீட்டுக்குப் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் சொல்லிச் செய்தது. "எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். காருக்கு என்றேன். சிரித்துவிட்டு, தேருக்குச் செய்கிற மாதிரியே ஒரு ஓரத்தைச் சாய்வாகச் சீவிக் கொடுத்தார். கோணிப்போன ஜாக்கியை அம்மா பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னாள். நான் போடவில்லை, என் மேசையில் புத்தகம் சாயாமல் முட்டுக்கு வைத்திருக்கிறேன். தம்பி மட்டும் இப்போதும் பந்து வண்டிக்கு அடியில் போனால், கட்டை வைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, கம்பால்தான் எடுக்கிறான்.